அளவறிந்து ஓய்வு பெறுதல்



சென்ற அட்சய திரிதியை நாளன்று, வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் திருக்கோயிலில் வழிபாடு இனிதே நிறைவுற்று, வந்திருந்தோர்க்குக் கரும்புச் சாறு வழங்கிக் கொண்டிருந்தனர். அவ்வமயம் நமக்கு நன்கு அறிமுகமான அன்பர் ஒருவர் தம் மனைவியாருடன் நம்மை அணுகினார். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகப் பணிபுரிபவர் அவர். வயது 52. மனைவியாருக்கு 48. "ஐயா, முப்பது ஆண்டுகள் உழைத்தாயிற்று. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, வங்கி வைப்பு எல்லாம் கூட்டினால் ஒரு கோடி ரூபாய் தேறும். மகளின் திருமணத்திற்கு உரியதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். இனி எழுதிக் கொடுத்துவிட்டு ஊரோடு வந்துவிடலாம் என்றிருக்கிறேன். ஒரு கோடி போதாதா?" என்று வினவினார்.

நாம் விடை கூறுமுன், அருகில் நின்ற அம்மையார் மெல்லிய குரலில், "அண்ணா, இவர் கணக்கில் எனக்கு எழுபது வயதாகும்போது என்ன இருக்கும் என்பதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அன்பரின் வினாவை விட அம்மையாரின் வினாவே நம் உள்ளத்தில் தைத்தது. அன்று மாலை அக்குடும்பத்தாருடன் அமர்ந்து நாம் போட்ட கணக்கையும், அதன்வழி நாம் கற்ற பாடங்களையும் நம் குடும்பங்கள் அனைத்திற்கும் பயன்படும் என்னும் கருத்தால் இங்கு முறைப்படுத்தித் தருகின்றோம்.

1. விருப்ப ஓய்வு வந்த வழி

நம் தந்தையர் காலத்தில் ஓய்வு என்பது அரசு குறித்த வயதில் தானே வந்து சேர்வது. நிலமுடையோர்க்கோ ஓய்வு என்பதே இல்லை. உடல் தளர்ந்தபோது மகன் ஏரைப் பிடித்தான், அவ்வளவே. ஐம்பதைத் தொட்டவுடன் தாமே விலகுவது என்னும் வழக்கம் அண்மைக் காலத்தது.

2000, 2001ஆம் ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொணர்ந்தபோது பல்லாயிரவர் ஒரே காலத்தில் வெளியேறினர். பின்னர் பி.எஸ்.என்.எல். நிறுவனம் 50 வயது நிறைந்தோர்க்கு இத்தகைய திட்டத்தை அறிவித்தது. விண்ணப்பிக்கத் தரப்பட்ட காலம் 2019 நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை, ஒரு திங்களே. 2020 ஜனவரி 31 அன்று ஏறத்தாழ 78,000 பேர் ஒரே நாளில் பணியிலிருந்து விடைபெற்றனர். முப்பது ஆண்டு வாழ்வைத் தீர்மானிக்க முப்பது நாள்! முன்னரே கணக்கிட்டு வைத்திருந்தோர் அமைதியாகக் கையொப்பமிட்டனர் அல்லது அமைதியாக மறுத்தனர். அல்லாதார் பக்கத்து மேசைக்காரர் என்ன செய்கிறார் என்று பார்த்துத் தாமும் அதையே செய்தனர்.

ஆதலின் ஓய்வுக் கணக்கு என்பது ஓய்வு பெறும்போது போடும் கணக்கன்று. பல ஆண்டுகளுக்கு முன்பே போட்டு வைக்க வேண்டியது.

2. ஆன்றோர் அமைத்த படிமுறை

இல்லறத்தார் சிறிது சிறிதாகப் பற்றுக்களைக் களைந்து மேலேறும் பதினொரு நிலைகளை நம் ஆன்றோர் வகுத்துள்ளனர். அருங்கலச்செப்பைக் கற்றோர் இதனை நன்கறிவர். அவற்றுள் தொழில் முயற்சிகளை விடுதலாகிய ஆரம்பத் தியாகம் எத்தனையாவது நிலை? எட்டாவது நிலை. முதல் நிலையன்று. அதற்கு முன் ஏழு நிலைகளின் பயிற்சி உண்டு. அதற்கும் அடிப்படையாக, பொருளுக்கு அளவு வரைந்து கொள்ளும் அணுவிரதம் உண்டு.

நாம் இங்குப் பேசும் உலகியல் ஓய்வும் அந்த உயர்நிலையும் ஒன்றென்று கூற வரவில்லை. எனினும் அம்முறைவைப்பில் நாம் கற்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உள்ளது. முதலில் அளவு, பின்னர்ப் பயிற்சி, அதன் பின்னரே விடுதல். இக்காலத்தில் பலர் முதலில் வேலையை விடுகின்றனர். விட்ட பின் செலவைக் குறைக்க முயல்கின்றனர். அது இயலாதபோது அளவு எவ்வளவு என்று எண்ணத் தொடங்குகின்றனர். வரிசை தலைகீழானால் மனமும் தடுமாறும், குடும்பமும் தடுமாறும்.

பொருள் வரைதல் என்னும் நோன்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. 'குறைவாக வைத்துக்கொள்' என்று அது பொதுப்படச் சொல்லி விடுவதில்லை. நிலம் இவ்வளவு, வீடு இவ்வளவு, பொன் இவ்வளவு, தானியம் இவ்வளவு என்று எண்ணிக்கையாகச் சொல்லச் சொல்கிறது. எண் இல்லாத உறுதி காற்றில் எழுதிய எழுத்து. ஓய்வுக் கணக்கும் அத்தகையதே.

3. முதற்பாடம்: செலவின் அளவு

அன்பரிடம் நாம் முதலில் கேட்டது, "ஒரு கோடி இருக்கட்டும், மாதச் செலவு எவ்வளவு?" என்பதே. "முப்பதாயிரம் இருக்கும்" என்றார் அவர். அம்மையார் நகைத்து, தாம் எழுதி வரும் கணக்கேட்டை எடுத்து வந்தார். ஓராண்டுக் கணக்கைப் பகுத்துப் பார்த்ததில் கிடைத்தவை இவை:

உணவு, பால், மின்சாரம், எரிவாயு, தொலைபேசி முதலிய அன்றாடச் செலவு மாதம் 24,000 ரூபாய். வீட்டு வரி, வீட்டுப் பழுது, பண்டிகை, உற்றார் இல்லங்களில் செய்யும் முறை, வாகனப் பழுது முதலிய ஆண்டுச் செலவு 1,20,000. மாதத்திற்குப் பங்கிட்டால் 10,000. முதிய அன்னையாரின் மருந்தையும் சேர்த்து மருத்துவம் 5,000. வேலைக்குச் செல்வதால் மட்டும் உண்டாகும் பயணம், மதிய உணவு, அலுவலக நன்கொடை போன்றவை 6,000. ஆக மொத்தம் 45,000.

முப்பதாயிரம் என்று அவர் எண்ணியதில் பிழை எங்கே நேர்ந்தது? ஆண்டுக்கொரு முறை வரும் செலவுகளை அவர் மறந்துவிட்டார். பெரும்பாலோர் மறப்பதும் அதையே.

இனி, வேலையை விட்டால் 6,000 மிஞ்சும் என்பது மெய்யே. ஆனால் நிறுவனம் அளித்து வந்த மருத்துவக் காப்பீடு அன்றே நின்றுவிடும். தனியாகக் காப்பீடு எடுக்க மாதம் 3,500 ஆகும் என்று கொண்டோம். ஆகவே ஓய்வுக்குப் பின் தேவை மாதம் 42,500, ஆண்டுக்கு 5,10,000. வேலையை விட்டால் செலவு பாதியாகிவிடும் என்னும் நம்பிக்கை, இக்குடும்பத்தைப் பொறுத்தவரை, 2,500 ரூபாய்க் குறைவாகவே முடிந்தது.

சொத்துக் கணக்கிலும் ஒரு திருத்தம் தேவை. குடியிருக்கும் வீட்டையும் அணியும் நகையையும் ஓய்வு நிதியில் சேர்த்தல் கூடாது. ஊரிலுள்ள இரண்டு ஏக்கர் நிலத்தின் குத்தகையும் மழையைப் பொறுத்தது. வந்தால் வரவில் வைப்போம், வரும் என்று செலவில் வைக்க வேண்டாம்.

4. இரண்டாம் பாடம்: காலத்தின் அளவு

ஒரு கோடிக்கு ஆண்டுக்கு 7 சதவிகிதம் என்றால் 7 இலட்சம் வட்டி, செலவோ 5,10,000. பின் என்ன குறை? இதுவே அன்பரின் வாதம். குறை விலைவாசியில் இருக்கிறது. 72 என்னும் எண்ணை விலையேற்ற விகிதத்தால் வகுத்தால், செலவு இரட்டிப்பாகும் ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். விலை ஆண்டுக்கு 6 சதவிகிதம் ஏறுமாயின் 12 ஆண்டில் இரட்டிப்பு. இன்று 42,500க்கு நடக்கும் குடும்பம் அவருடைய 64ஆம் வயதில் 85,000 வேண்டி நிற்கும். 76ஆம் வயதில் 1,70,000. வட்டியோ ஏறுவதில்லை.

வரி போக 7 சதவிகித வருவாய், 6 சதவிகித விலையேற்றம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோராண்டின் தொடக்கத்திலும் அவ்வாண்டுச் செலவை எடுத்து வந்தால் ஒரு கோடி எத்தனை நாள் வரும் என்று கணக்கிட்டோம். இருபத்தொன்றரை ஆண்டு. அதாவது அன்பரின் 73ஆம் வயதில் நிதி தீர்ந்துவிடும். அப்போது அம்மையாருக்கு வயது 69.

"எனக்கு எழுபது வயதாகும்போது என்ன இருக்கும்?" என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. ஒன்றும் இராது.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அன்பரே, "வேறு வகையில் போட்டுப் பாருங்கள், ஐயா" என்றார். போட்டோம். மாதம் மேலும் 2,500 குறைத்தால், ஒன்றரை ஆண்டு நீளும். விலகிய பின் ஆறு ஆண்டுகள், விலைவாசிக்கேற்ப உயரும் பகுதிநேர வருவாயாக மாதம் 15,000 ஈட்டினால், நிதி அவருடைய 76 வயது வரை வரும். இன்னும் நான்காண்டு பணியிலிருந்து, ஆண்டுக்கு 2,50,000 சேமித்து, 56இல் விலகினாலோ 80 வயது வரை வரும். நான்காண்டு உழைப்பு ஏழாண்டு வாழ்வைத் தருகிறது! கடைசி ஆண்டுகளின் சேமிப்பு இருமடங்கு பயனுடையது. சேர்ப்பது ஒன்று, எடுக்காதிருப்பது மற்றொன்று.

இவ்விடத்தில் ஒரு குறிப்பு. அமெரிக்க நாட்டில் வில்லியம் பெங்கன் என்னும் நிதி ஆலோசகர் 1994ஆம் ஆண்டில் ஒரு கணிப்பை வெளியிட்டார். சேர்த்த நிதியில் முதலாண்டு 4 சதவிகிதம் எடுத்து, பின்னர் விலையேற்றத்திற்கு ஏற்ப அத்தொகையை உயர்த்தி வந்தால் 30 ஆண்டுகள் தாங்கும் என்பது அதன் சாரம். ஆண்டுச் செலவின் 25 மடங்கு சேர்த்தால் போதும் என்று நம் இளைஞர் சிலர் கூறுவது இதிலிருந்து பிறந்ததே. ஆனால் அது அந்நாட்டின் சந்தை வரலாற்றைக் கொண்டு 30 ஆண்டுக்குக் கணித்தது. நம் அன்பரின் குடும்பத்திற்கோ, அம்மையாரின் வயதைக் கொண்டு பார்த்தால், 40 ஆண்டு வேண்டும். மேற்கண்ட நம் கணக்கின்படி 25 மடங்கு 28 ஆண்டுகளே வரும். 33 மடங்கு 39 ஆண்டுகள் வரும். கணவரின் வயதைக் கொண்டன்று, இருவருள் இளையவரின் வயதைக் கொண்டே கணக்கிடுக.

5. மூன்றாம் பாடம்: மூன்று குதிர்கள்

நம் ஊர் வீடுகளில் நெல்லை ஒரே குதிரில் கொட்டி வைப்பதில்லை. இவ்வாண்டு உணவுக்கு ஒன்று, அடுத்த விளைச்சல் பொய்த்தால் உதவ ஒன்று, விதைநெல்லுக்கு ஒன்று. ஓய்வு நிதியையும் அவ்வாறே பிரித்தல் நலம்.

முதற்குதிர், இரண்டாண்டுச் செலவு. வங்கிச் சேமிப்புக் கணக்கிலும் குறுங்கால வைப்பிலும் இருக்கலாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரையே வைப்புக் காப்பீடு என்பது 2020 பிப்ரவரி முதல் உள்ள விதி. ஆகவே சிறு வங்கிகளில் வைப்போர் பிரித்து வைத்தல் வேண்டும்.

இரண்டாம் குதிர், மூன்றாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரைக்கும் உரியது. அஞ்சலக மாத வருமானத் திட்டம், நீண்டகால வங்கி வைப்பு, அரசுப் பத்திரம் ஆகியவை இதற்கு ஏற்றவை. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் தனிக் கணக்கில் 9 இலட்சம், கூட்டுக் கணக்கில் 15 இலட்சம் என வரம்பு உயர்த்தப்பட்டது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது நிறைந்தோர் 30 இலட்சம் வரை வைக்கலாம். 55 வயது நிறைந்து 60 நிறையாதோர், ஓய்வு பெற்றிருப்பின், ஓய்வுப் பயன்கள் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் அத்தொகையைக் கொண்டு இதில் சேரலாம். 2023 ஏப்ரல் முதல் 2025 இறுதி வரை இதன் வட்டி 8.2 சதவிகிதம். அவ்விகிதத்தில் 30 இலட்சத்திற்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய் கிடைக்கும். 55 வயது நிறைய மூன்று மாதங்களுக்கு மேல் இருக்கும்போதே அவசரப்பட்டு விலகிப் பணத்தைப் பெற்றுக்கொண்டவர் இவ்வாய்ப்பை இழந்து 60 வரை காத்திருக்க நேரும். சில மாதப் பொறுமையின் விலையைப் பாருங்கள்!

மூன்றாம் குதிர் விதைநெல். பத்தாண்டுக்குப் பின் வேண்டுவது. விலையேற்றத்தை வெல்லும் ஆற்றல் இதற்கே உண்டு. ஆதலின் ஒரு பகுதி பங்குசார் பரஸ்பர நிதிகளில் இருக்கலாம். ஆனால் பங்குச் சந்தையின் இயல்பை அறிந்தே இறங்குக. மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்டு, அதே ஆண்டு அக்டோபரில் 9,000க்கும் கீழே வீழ்ந்தது. 2020 ஜனவரியில் 42,000ஐத் தொட்டு, மார்ச்சில் 26,000க்குக் கீழ் இறங்கியது. இரு முறையும் பின்னர் மீண்டெழுந்தது. எனினும் வீழ்ந்த காலத்தில் வீட்டுச் செலவுக்காக விற்றவருக்கு அம்மீட்சியால் பயனில்லை. விதைநெல்லைச் சமைக்க நேராதிருக்கவே முதலிரு குதிர்கள். கொல்லாமை நோன்புடைய நாம், நம் பணம் எத்தகைய தொழில்களுக்குச் செல்கிறது என்பதையும் ஆராய்தல் கடமையாகும்.

பெருவட்டி தருவதாகக் கூறுவோரிடம் எக்குதிரையும் ஒப்படைக்க வேண்டா. 1990களில் தமிழகத்தில் நிதி நிறுவனங்கள் பல வீழ்ந்தபோது, ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் முதலுக்கே வரிசையில் நின்றதைக் கண்ணாரக் கண்டோம். 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கலாம். கழிந்த ஆண்டுகளைத் திருப்பித் தர இயலாது.

6. நான்காம் பாடம்: விதிகளின் அளவு

தமிழ்நாடு அரசு ஊழியரும் ஆசிரியரும் 50 வயது நிறைந்தபின் அல்லது 20 ஆண்டுத் தகுதிப் பணி முடித்தபின், மூன்று மாத முன்னறிவிப்புத் தந்து விருப்ப ஓய்வு பெறலாம். ஆயினும் 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவர் நிலை வேறு. பின் சேர்ந்தவர் நிலை வேறு. தம் ஓய்வூதியம் எவ்விதியின் கீழ் வருகிறது என்பதை எழுத்தில் பெற்ற பின்னரே அறிவிப்புத் தருக. மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் 25 ஆண்டுப் பணிக்குப் பின் விருப்ப ஓய்வு பெறுவோர்க்கு, அவர் இயல்பாக ஓய்வு பெற்றிருக்க வேண்டிய நாளிலிருந்தே ஓய்வூதியம் தொடங்கும். இடைப்பட்ட ஆண்டுகளுக்குத் தாமே வழி தேட வேண்டும்.

தனியார் நிறுவனத்தாருக்கு 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டம் உண்டு. பத்தாண்டுப் பணி முடித்தோர்க்கு 58 வயதில் ஓய்வூதியம். 50க்குப் பின் முன்கூட்டியும் பெறலாம். ஆனால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவிகித அளவில் தொகை குறைக்கப்படும். 2014 செப்டம்பரில் வகுத்த 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பை, பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால், 35 ஆண்டுப் பணிக்கே 7,500 ரூபாய்தான் வருகிறது. இது விலைவாசியோடு உயர்வதுமன்று. நம் அன்பரின் கணக்கில் இதைச் சேர்த்தபோது ஏறத்தாழ ஓராண்டே கூடியது. எனினும் அவருக்குப் பின் மனைவியாருக்குப் பாதியளவு தொடரும் என்பதால் இதனை எளிதாக எண்ணுதல் கூடாது.

பணிக்கொடையைக் கணக்கிடும் முறை எளிது. கடைசி மாதத்தின் அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்குக. நிறுவனம் தரும் தொகையை இதனோடு ஒப்பிடுக. விருப்ப ஓய்வுத் திட்ட இழப்பீட்டில், விதிகளுக்கு உட்பட்டு, 5 இலட்சம் வரையே வரிவிலக்கு உண்டு என்பதையும் நினைவில் கொள்க.

மருத்துவக் காப்பீட்டில் பலர் ஏமாறுவது ஓரிடத்தில். முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் இது மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர் ஓய்வு நாளன்று காப்பீடு எடுத்தால் அக்காத்திருப்பு ஓய்வுக் காலத்தில் விழும். மூன்றாண்டு முன்பே எடுத்தால், நிறுவனக் காப்பீடு காக்கும் காலத்திலேயே அது கழிந்துவிடும். நோயை மறைத்துக் காப்பீடு எடுத்தல் பொய்யாமைக்கும் பிழை. பின்னர்ப் பணம் மறுக்கப்படுவதற்கும் காரணம்.

7. ஐந்தாம் பாடம்: நாளின் அளவு

பணம் மட்டும் அளந்தால் போதாது. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பியவருக்கு, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் திடீரெனக் கைக்கு வருகிறது. முதல் மாதம் அது வரம். நான்காம் மாதம் பாரம். 'மேற்பார்வையாளர் ஐயா' என்று அழைத்த குரல்கள் ஓய்ந்தபின், வீட்டை மேற்பார்வையிடத் தொடங்குவோர் உண்டு. அடுப்பங்கரையில் எரிவாயு வீணாவதையும் மருமகள் கடைக்குச் செல்லும் நேரத்தையும் கணக்கெடுப்பார்கள். பதினொரு நிலைகளில் பத்தாவது அநுமதித் தியாகம். இல்லறக் காரியங்களில் கருத்துரைப்பதையும் விடுவது. எட்டாம் படியை நினைத்து வேலையை விட்டவர், பத்தாம் படியையும் சற்றே எட்டிப் பார்த்தால் வீட்டார் நன்றியுடையவராவர்!

எனவே விலகுமுன் நாளைப் பங்கிட்டு எழுதுக. உடலுக்கு ஒரு பொழுது, படிப்புக்கு ஒரு பொழுது, பிறருக்கு ஒரு பொழுது, சிறு வருவாய்க்கு ஒரு பொழுது. நகரத்து வேலையால் பொழுது சாயுமுன் உண்ணும் ஒழுக்கம் தவறியவர் நம்முள் பலர்; அதனை மீட்டெடுக்க ஓய்வு நல்ல வாய்ப்பு. ஊர்க் கோயில்களுக்குக் கணக்கெழுத ஆள் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தர ஆள் இல்லை. முப்பது ஆண்டு இயந்திரங்களோடு பழகியவர் ஊரில் மின்மோட்டார் பழுது பார்த்தாலும் மதிப்போடு வருவாயும் வரும். எதிலிருந்து விலகுகிறோம் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எதை நோக்கிச் செல்கிறோம் என்பதும் தெரிதல் வேண்டும்.

8. ஒத்திகை ஆண்டு

இவ்வைந்து பாடங்களையும் ஒருங்கே சோதிக்க வழியொன்று உண்டு. வேலையில் இருக்கும்போதே ஓராண்டு, ஓய்வு பெற்றவர் போல வாழ்ந்து பார்ப்பது. சம்பளம் வந்த அன்றே வரைந்த அளவுத் தொகையை மட்டும் மனைவியார் கையில் கொடுத்து, எஞ்சியதை வைப்பில் இட்டுவிடுக. பண்டிகை, திருமணம், காய்ச்சல் எது வந்தாலும் அதற்குள்ளேயே சமாளிக்க முயல்க. ஆண்டு முடிவில் அளவு மீறாதிருந்தால் அந்த எண் மெய்யானது. மீறியிருந்தால் எண்ணைத் திருத்துக. மனத்தை ஏமாற்ற வேண்டா. பயிற்சியில் தோற்பதால் இழப்பில்லை.

அவ்வாண்டிலேயே செய்ய வேண்டியவை வேறும் உள்ளன. எல்லா வைப்புகளுக்கும் வாரிசு நியமனம் சரிபார்த்தல், உயில் எழுதுதல், கணக்குகள் அனைத்தையும் ஒரே ஏட்டில் எழுதி மனைவியாருக்கு விளக்குதல், வங்கிக்கும் அஞ்சலகத்திற்கும் அவரையே தனியே சென்று வரச் செய்தல். கணவர் மறைந்த பின் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று அறியாது கலங்கிய அம்மையாரை நாம் கண்டிருக்கிறோம். பணம் இருந்தும் இல்லாத வறுமை அது.

9. நிறைவாக

நம் அன்பர் இன்னும் கையொப்பமிடவில்லை. 42,500 என்னும் எண்ணைக் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் எழுதி ஒத்திகை ஆண்டைத் தொடங்கியிருக்கிறார். தனிக் காப்பீடு எடுத்துவிட்டார். 56 வயது என்று நாள் குறித்திருக்கிறார். அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, "முன்பெல்லாம் ஒவ்வொரு நாளும் வேலையை விட வேண்டும் என்று தோன்றும், ஐயா. எண் தெரிந்தபின் அந்தத் தவிப்புக் குறைந்துவிட்டது" என்றார். கணக்கேடு இப்போதும் அம்மையாரின் பொறுப்பிலேயே இருக்கிறது.

ஒரு கோடி போதுமா என்னும் வினாவிற்கு உலகில் எவராலும் விடை கூற இயலாது. எவ்வளவு என்று தன் அளவை அறிந்தவருக்கு மட்டுமே போதும் என்னும் சொல் பொருளுடையதாகும். அளவை முதலில் வரைவோம், அதில் வாழ்ந்து பழகுவோம், பின்னர் விடுவோம். அவ்வாறு பெறும் ஓய்வே ஓய்வு.

குடும்பத்தோடு அமர்ந்து சிந்திக்கச் சில வினாக்கள்

1. நம் இல்லத்தின் சென்ற ஆண்டு மொத்தச் செலவு எவ்வளவு? ஆண்டுக்கொரு முறை வரும் செலவுகள் அதில் சேர்ந்துள்ளனவா?
2. இருவருள் இளையவருக்கு 90 வயதாகும்வரை எத்தனை ஆண்டுகள்? நம் சேமிப்பு ஆண்டுச் செலவின் எத்தனை மடங்கு?
3. விலகும் நாளுக்கும் ஓய்வூதியம் தொடங்கும் நாளுக்கும் இடையே எத்தனை மாதங்கள்? அவற்றுக்கு எக்குதிரிலிருந்து எடுப்போம்?
4. நிறுவனக் காப்பீடு நின்ற மறுநாள் நமக்கு எந்தக் காப்பீடு உள்ளது?
5. இன்று நாம் இல்லாவிடில், நம் கணக்குகளை வாழ்க்கைத்துணை தனியே நடத்த இயலுமா?

ஐந்திற்கும் எழுத்தில் விடை எழுதி, இருவரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்க. அடுத்த அட்சய திரிதியையன்று அதை எடுத்து மீண்டும் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

வாழ்க நல்லறம்!